இரண்டு நிமிடம் குறைந்த கேசட்

அன்புள்ள கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் நண்பர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களே, அப்போது கண்ணாடி போட்ட பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஆன்ட்டி, நீங்க எந்த பேண்ட் கேட்பீங்க?" நான் சட்டென்று "எல்லாம் கேட்பேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன். அவனும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

போனை வைத்த பிறகு எனக்கே உறுத்தியது. "எல்லாம் கேட்பேன்" என்பது எதையும் கேட்காதவர்கள் சொல்கிற பதில். அந்தப் பையனுக்குச் சரியான பதிலை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் "ம்ம், ம்ம்" என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதோ டைப் பண்ணுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் உங்கள் சண்டையைப் பற்றி. பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017இல் இறந்துபோனார், 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ராங்கைப் புதுப் பாடகியாக வைத்துக்கொண்டு வருகிற பேண்டை லிங்கின் பார்க் என்று சொல்லலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் கத்தினீர்கள். நீ "கூடாது" கட்சி. எனக்கு உன்னைப் பார்த்துச் சிரிப்பாக இருந்தது. ஏனென்றால் உன் மாமா அந்தக் காலத்தில் ஏசி/டிசி என்ற ராக் பேண்டைப் பற்றி அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னார். அதன் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம் ஜூலையில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் பிளாக்' ஆல்பம் வந்துவிட்டது. துக்கம் தெரிய அட்டையை முழுக்கக் கறுப்பாகவே போட்டார்கள். ஐந்து மாதத்தில் ஆள் மாற்றுவதா, இதெல்லாம் ஒரு பேண்டா என்று மாமாவுக்கு ஆத்திரம். அந்த ஆல்பம்தான் உலகத்திலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்றாகிவிட்டது. மாமாவும் பிறகு சத்தமில்லாமல் அதைக் கேட்க ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகவே நான் "சொல்லலாம்" கட்சி. பாடகர் போனதும் பேண்ட் போய்விட்டது என்றால், பாடகர் சிட் பாரெட் 1968இல் விலகியபோதே பிங்க் ஃபிளாய்டை இழுத்து மூடியிருக்க வேண்டும். அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் வந்ததே 1973இல்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருந்துகொண்டு, கால் முடிகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு இயர்பட்ஸை எடுத்துக் காதில் செருகிக்கொண்டீர்கள். ஒரே அறை, நான்கு பாட்டு. குறை சொல்லவில்லை. சோனி 1979இல் முதல் வாக்மேனை, அதாவது கையில் எடுத்துப் போகிற கேசட் பிளேயரை, விட்டபோது அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள், தெரியுமா? பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதை இல்லை என்ற எண்ணம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் வேறு. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, கேட்கிற இரண்டு பேரும் மைக் வழியாகப் பேசிக்கொள்ளலாம். அப்புறம் பார்த்தால் ஜனங்களுக்குத் தனியாகக் கேட்பதில் எந்தக் கூச்சமும் இல்லை. அடுத்தடுத்த மாடல்களில் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள்.

சரி, என் பதிலுக்கு வருகிறேன்.

எனக்கும் உன் மாமாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். நான் பத்தாவது படித்த வருஷம் அவர் நண்பனிடம் இரண்டு எல்.பி. இசைத்தட்டு இரவல் வாங்கி, ஒரே சி-90 கேசட்டில் (மொத்தம் தொண்ணூறு நிமிடம்) ஒரு பக்கத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்துகொண்டு வந்தார். ஏ பக்கம் பீட்டில்ஸின் 'அபி ரோடு'. பி பக்கம் பிங்க் ஃபிளாய்ட், நான் மேலே சொன்ன அதே ஆல்பம். எல்.பி. அட்டையைப் பார்த்து, கேசட் உறையில் பொடி எழுத்தில் பாட்டுப் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். வேறு யாரும் அழித்துப் பதிவு செய்துவிடாமல் இருக்க மேலே இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டார். அந்த ஒரு கேசட்டைத்தான் நான் கல்லூரி முடிக்கிற வரை கேட்டேன். இதுதான் அந்தக் கண்ணாடிப் பையனுக்குப் பதில்: ஆன்ட்டி கேட்டது இரண்டு பேண்ட், ஒரு கேசட்.

நீ பத்து விநாடியில் பாட்டைத் தள்ளிவிடுகிறாய் என்று நான் பல தடவை உன்னைத் திட்டியிருக்கிறேன். அதை இப்போது பாதி வாபஸ் வாங்குகிறேன். எங்களுக்கு என்னவோ பொறுமை அதிகம் என்று நினைத்துவிடாதே. ஃபாஸ்ட் ஃபார்வர்டு அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பாட்டைத் தாண்டிப் போய்விடும், திரும்ப ரீவைண்ட், திரும்பத் தாண்டிவிடும். அதற்குப் பயந்துகொண்டே பிடிக்காத பாட்டையும் கேட்டுத் தொலைத்தோம். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போனவை உண்டு. அபி ரோடில் வருகிற 'ஆக்டோபஸஸ் கார்டன்' எனக்கு முதலில் குழந்தைப் பாட்டு மாதிரி எரிச்சலாக இருந்தது, ஒரு மழைக்காலம் முழுக்க அதையேதான் முணுமுணுத்தேன். ஆனால் 'மேக்ஸ்வெல்'ஸ் சில்வர் ஹாமர்' நூறு தடவை கேட்டும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டால் எல்லாம் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஆனால் பாட்டுகளை வரிசை மாற்றிப் போடுகிற ஷஃபிள் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. அபி ரோடின் இரண்டாம் பக்கத்தில் எட்டுப் பாட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஏறக்குறைய பதினாறு நிமிடத்துக்கு ஒரே கோவையாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து நடுவில் போட்டால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். என் கட்சியில் பாடகி அடேல் இருக்கிறார். 2021 நவம்பரில் அவருடைய '30' என்ற ஆல்பம் வந்தபோது, ஆல்பத்தை வைத்த வரிசையில்தான் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஸ்பாட்டிஃபையும் ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முன்னால் நிறுத்துவதைக் கைவிட்டது. இதை உன் நண்பர்களில் அந்தத் தாடிப் பையனிடம் சொல். வாதாடினால் என்னிடம் போனைக் கொடு.

இப்போது கேசட் கதையின் முக்கியமான இடம்.

ஏ பக்கத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. 'ஐ வான்ட் யூ' என்ற நீளமான பாட்டு, கிட்டத்தட்ட எட்டு நிமிடம். கடைசி மூன்று நிமிடம் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து, கனத்துக்கொண்டே போய், பின்னால் காற்று மாதிரி ஓர் இரைச்சல் ஏறி ஏறி, இதோ ஏதோ நடக்கப் போகிறது என்கிற நேரத்தில் டக்கென்று அறுந்துவிடும். கத்தியால் வெட்டினது போல. மாமா பதிவு செய்யும்போது அவசரப்பட்டு நிறுத்திவிட்டார் என்பது என் முடிவு. அவர் "இல்லை, ரெக்கார்டிலேயே அப்படித்தான்" என்பார். நான் நம்பவில்லை. உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் "எங்கள் அண்ணனுக்கு ஒரு பாட்டை முழுசாகப் பதிவு செய்யத் தெரியாது" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நீயும் கேட்டிருக்கிறாய்.

பக்கத்தின் கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும்போது கேசட் "டப்" என்று நிற்கும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உறையில் கடைசிப் பெயர் 'தி எண்ட்' என்று இருந்தது. டிரம்ஸோடு முடிகிறது, என்ன அழகான முடிவு என்று நினைத்துக்கொள்வேன்.

உன் நண்பர்கள் பேசியதைக் கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போன தடவை வந்தபோது நீ என் போனில் போட்டுக் கொடுத்தாயே, அந்த ஆப்பைத் திறந்து முதல்முறையாக அபி ரோடைத் தேடினேன். வரிசையாகத்தான் கேட்டேன், சந்தேகம் வேண்டாம்.

'ஐ வான்ட் யூ' வந்தது. இரைச்சல் ஏறியது. டக். அறுந்தது. ஆப்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப வைத்தேன், திரும்ப அதே இடத்தில் டக். பீட்டில்ஸின் ஜான் லெனன் வேண்டுமென்றே அந்த இடத்தில் டேப்பை வெட்டச் சொல்லியிருக்கிறார். எல்.பி.யில் முதல் பக்கம் அப்படித்தான் முடிகிறதாம். நாற்பது வருஷமாக உன் மாமா சொன்னது நிஜம்.

இதை ஜீரணிப்பதற்குள் கடைசிப் பாட்டு வந்துவிட்டது. டிரம்ஸ். நான் அந்த "டப்"புக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். அது வரவில்லை. டிரம்ஸ் முடிந்து கிட்டார் வருகிறது! பீட்டில்ஸின் பால், ஜார்ஜ், ஜான் மூன்று பேரும் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்கிறார்கள், மூன்று சுற்று. மூன்று பேருக்கும் மூன்று விதமான கை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்று தெரிகிறது. அப்புறம் எல்லாம் அடங்கி, பியானோ மட்டும், நாலைந்து வார்த்தை, பிறகு எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஒரு முடிவு. எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்த ஆல்பத்தில் நான் கேட்டே இராத ஒரு முடிவு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சி-90இல் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஆல்பம் 47 நிமிடம். நான் அழகான முடிவு என்று நினைத்தது டேப் தீர்ந்துபோன இடம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிங்க் ஃபிளாய்ட் 43 நிமிடம்தான். பி பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓடும். இங்கே இரண்டு நிமிடம் பற்றாக்குறை, பின்பக்கம் இரண்டு நிமிடம் உபரி.

அதோடும் முடியவில்லை. பாட்டு நின்று அமைதியாகிவிட்டது. காதிலிருந்து கழற்றப் போகிறேன், திடீரென்று ஒரு பெரிய இசை அதிர்ந்தது, அதன் பின்னால் பால் ஒற்றைக் கிட்டாரோடு ஒரு குட்டிப் பாட்டுப் பாடினார். 'ஹர் மெஜஸ்டி' என்று பெயர். மொத்தம் 23 விநாடி. எல்.பி. முதலில் வந்தபோது அட்டையில் அதன் பெயரே இல்லை, அதனால் மாமாவின் பொடி எழுத்திலும் இல்லை. அந்தக் கோவையின் நடுவில் இருந்த பாட்டு அது. அந்த இடத்தில் பொருந்தவில்லை என்று பால் எடுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் தூக்கிப் போடக் கூடாது என்று ஸ்டூடியோவில் உத்தரவு. ஜான் கர்லாண்டர் என்ற உதவியாளர் அந்தத் துண்டை, பதினான்கு விநாடி இடைவெளி விட்டு டேப்பின் கடைசியில் ஒட்டி வைத்தார். கேட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள். வெட்டின இடம் சரியாக அமையாததால் ஆரம்பத்தில் முந்தின பாட்டின் கடைசி அடி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, முடிவில் இதன் கடைசி ஸ்வரம் காணாமல் போய்விட்டது. என் கேசட் மாதிரியேதான்.

மறுநாள் காலையில் மாமாவுக்குப் போன் போட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நீ கேட்டிருக்க வேண்டும்.

பிறகுதான் இரண்டு நிமிடக் கதையைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "நான் முழுசாத்தான் பதிவு பண்ணேன், நீதான் டேப்பை அறுத்திருப்பே" என்கிறார். எல்.பி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவரும் அந்தக் கேசட்டைத்தான் கேட்டார் என்பதை மறந்துவிட்டார். பேச்சு வேண்டாம், கேளுங்கள் என்று உன் அப்பாவின் போனில் அந்தப் பாட்டைப் போட்டு, என் போனை அதன் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். டிரம்ஸ் முடிந்து முதல் கிட்டார் வந்தபோது "அட" என்று ஒரு சத்தம். அப்புறம் பேச்சே இல்லை. பாட்டு முடிந்து அமைதியானதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, ஒத்துக்கறேன், வெச்சிடவா?" என்றார்.

"இருங்க அண்ணா, இன்னும் பதினாலு செகண்ட்" என்றேன்.

அன்புடன்,
அம்மா