தெரிந்தும் போட்ட கையெழுத்து

திருவல்லிக்கேணி,
சென்னை

அன்புள்ள ஸ்டெல்லா,

நீ கிறிஸ்துமஸுக்கு எழுதிய கடிதம் இன்னும் மேசையிலேயே இருக்கிறது. பதில் போடாததற்கு நீ திட்டப்போகும் வார்த்தைகள் எனக்கு மனப்பாடம் என்பதால் அதை விட்டுவிடுவோம். முழங்கால் தேவலையா? பேத்தி பியானோ வாசிக்கிறாளா, உடைக்கிறாளா? சரோஜா போன வாரம் வந்திருந்தாள். அதே குடை, அதே அவசரம். வார்டன் கதையை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை வார்டன் கையில் பிரம்பும் வந்துவிட்டது. உப்புமா விவகாரத்தில் உண்மையான குற்றவாளி நீதான் என்று இன்னும் சாதிக்கிறாள். நான் மறுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரத்துக்கு அப்பால் அப்பா வாங்கிப்போட்ட மனை நினைவிருக்கிறதா? சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு நீ வரப்பில் ஓடிய ஓட்டத்தை அந்த ஊர் மறந்திருக்காது. அந்த மனை என் பெயரிலும் ரகு பெயரிலும் கூட்டாக இருந்தது. அதை விற்றே தீர வேண்டும் என்று ரகு ஒற்றைக்காலில் நின்றான். தன் பங்கை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டால் மாதாமாதம் வட்டி கொட்டும் என்று யாரோ அவன் காதில் ஓதிவிட்டார்கள். வங்கிகளால் கொடுக்க முடியாத வட்டியை இவர்கள் மட்டும் எங்கிருந்து கொடுப்பார்கள்? நாளை சேருகிறவனின் பணத்தை எடுத்து இன்று சேர்ந்தவனுக்கு வட்டி என்று கொடுப்பார்கள். ஆள் சேருவது என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். படித்துப் படித்துச் சொன்னேன். ஏலச்சீட்டில் ஒரு முறை விட்டவன், கூட்டு வியாபாரத்தில் ஒரு முறை விட்டவன். அவனுக்கு இதில் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

பத்திரப் பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வரும்வரை மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தோம். "ரகு, இந்தப் பணம் உன்னிடம் தங்காது" என்றேன். "வாயை வைக்காதே அக்கா" என்றான். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். புகைப்படம் எடுத்தார்கள், விரல் ரேகை வாங்கினார்கள். பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவன் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினான். அவன் பெயருக்குக் கீழே நான் என் பெயரை எழுதிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் பேனா ஒரு கணம் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். போட்டுவிட்டேன்.

நிறுவனம் மூடிவிட்டது. பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்திருக்கிறான், பணம் வருமா என்பது வேறு கதை. ரகு வந்து கூடத்தில் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் சொன்னான். "என்ன நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்ததே அக்கா, தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டாய்?" என்றான். காப்பியைக் குடித்துவிட்டு, "எல்லாம் தலையெழுத்து, அவன் எழுதியதை யார் மாற்ற முடியும்?" என்றான். ஸ்டெல்லா, முதல் வாக்கியத்தில் பழி என் மேல், இரண்டாவதில் கடவுள் மேல். பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவன் இரண்டிலும் இல்லை! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அவன் போன பிறகு அந்த இரண்டும் ஒரே கேள்விதான் என்று தோன்றியது. அதிலிருந்து தூக்கம் சரியில்லை. ராணி மேரிக் கல்லூரி விடுதியில் கடலைப் பார்த்தபடி நீயும் நானும் விடிய விடியச் சண்டை போட்ட அதே கேள்வி: எல்லாம் அறிந்த கடவுள் நான் நாளை செய்யப்போவதை இன்றே அறிவான் என்றால், நாளை நான் வேறு எதையும் செய்ய முடியுமா?

இந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஸ்ரீபாஷ்ய உபன்யாசம், அதாவது பிரம்ம சூத்திரத்துக்கு ராமானுஜர் எழுதிய உரையைப் பற்றி. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஆனாலும் அவர் எழுதியதை இப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் இந்தக் கேள்வி வருகிறது: செய்கிறவன் ஜீவனா, பரமாத்மாவா? பரமாத்மாவின் அனுமதி இல்லாமல் எந்தச் செயலும் நடக்காது, ஆனால் முதல் முயற்சி ஜீவனுடையது, அந்த முயற்சியைப் பார்த்துத்தான் உள்ளே இருக்கும் அந்தர்யாமி அனுமதி தருகிறான் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் உதாரணத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவன் அதை மூன்றாமவனுக்குக் கொடுக்க நினைக்கிறான். மற்றவனுடைய சம்மதம் இல்லாமல் முடியாது. ஆனாலும் சம்மதத்தைக் கேட்டு வாங்கியவன் இவன்தான், ஆகவே பலன் இவனையே சேரும். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் எங்கள் மனைப் பத்திரத்தைப் பார்த்து எழுதியது போல் இல்லையா?

இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரகு தாளைத் தள்ளாவிட்டால் நான் கையெழுத்துப் போட்டிருக்கப் போவதில்லை. நான் போடாவிட்டால் அவனால் விற்றிருக்க முடியாது. இரண்டும் உண்மை, ஆனாலும் விற்றது அவன்தான். ஒரே ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. தன்னை நாடுகிறவர்களுக்கு நல்வழியில் ருசியையும், எதிர்த்து நிற்பவர்களுக்குத் தாழ்ந்த வழியில் ருசியையும் பரமாத்மாவே உண்டாக்குகிறான் என்று அதே இடத்தில் வருகிறது. முதல் பாதி அருள். இரண்டாவது பாதி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சரிகிறவனைத் தூக்கிவிடாவிட்டாலும் பரவாயில்லை, மேலும் ஏன் சரிக்க வேண்டும்?

இனிதான் முக்கியமான முடிச்சு. என் அறிவும் கடவுளின் அறிவும் ஒன்றா? நான் தப்பாகக் கணித்திருக்கலாம். தப்பாகப் போக வேண்டும் என்றுதானே அத்தனை பக்கங்களிலும் வேண்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்! ரகுவுக்குக் கடைசி நேரத்தில் புத்தி வந்திருக்கலாம். அந்த 'இருக்கலாம்' இருக்கிறவரை அவன் சுதந்திரமானவன். கடவுளின் அறிவோ பொய்க்காது. உன் மருமகன் அனுப்பிவைத்த கட்டுரையையும் படித்தேன். நெல்சன் பைக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1965இல் எழுதியது. ஜோன்ஸ் என்பவன் சனிக்கிழமை புல் வெட்டுவான் என்று 80 ஆண்டுகளுக்கு முன்பே கடவுள் அறிந்திருந்தால், சனிக்கிழமை ஜோன்ஸால் வெட்டாமல் இருக்க முடியுமா? முடியும் என்றால் கடவுளின் நம்பிக்கையைப் பொய்யாக்கும் சக்தி அவனுக்கு இருக்க வேண்டும், அல்லது நடந்து முடிந்துவிட்டதை மாற்றும் சக்தி இருக்க வேண்டும். இரண்டும் எந்த மனிதனுக்கும் கிடையாது. எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் இந்தப் பிடி தளரவில்லை, ஸ்டெல்லா. இந்தக் கட்டுரையை அனுப்பியதற்காக மருமகனை நான் வாழ்த்தவா, வையவா?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும், ரோமானியத் தத்துவ ஞானி போயத்தியஸ் என்பாய். வகுப்பில் நீ குறிப்பெடுத்தாய், நான் உன்னைப் பார்த்து எழுதினேன். அரசனின் கோபத்துக்கு ஆளாகி, மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் கிடந்தபடி 524 வாக்கில் அந்த மனிதர் இதையே யோசித்திருக்கிறார். கடவுளுக்கு முன், பின் என்பதே இல்லை, எல்லாக் காலமும் ஒருசேர அவர் முன்னே நிகழ்காலமாக நிற்கிறது, நடந்து போகிறவனை நான் பார்ப்பதால் அவன் நடப்பது கட்டாயமாகிவிடாது, கடவுளின் பார்வையும் அப்படித்தான் என்று எழுதினார். தன்னைக் கொல்லப்போகிறவர்களும் சுதந்திரமாகத்தான் கொல்கிறார்கள், ஆகவே அவர்களே பொறுப்பு என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் தலையெழுத்தைச் சாக்குச் சொல்லாத அந்த மனிதரை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் காலத்துக்கு வெளியே இருக்கிறவர் காலத்துக்குள் வந்து வாயைத் திறந்து சொல்லிவிட்டால்? உன் வேதத்திலேயே இருக்கிறதே. சேவல் கூவுகிறதற்கு முன்னே நீ என்னை மூன்று தரம் மறுதலிப்பாய் என்று இயேசு தம் சீடன் பேதுருவிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னது அந்த இரவின் காற்றில் கலந்துவிட்டது, இனி அது கடந்த காலம். பேதுருவால் மறுதலிக்காமல் இருக்க முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பேதுரு உறுதியாக நின்றிருந்தால், அந்த வார்த்தை சொல்லப்பட்டே இருக்காது. அவன் செயலைப் பின்பற்றித்தான் அந்த அறிவு வந்தது, அறிவைப் பின்பற்றிச் செயல் வரவில்லை. நெல்சன் பைக்கின் பிடியில் எனக்குத் தெரிகிற ஒரே இடைவெளி இதுதான். பெரிய சாட்சி வேறொன்றும் இருக்கிறது. சேவல் கூவியதும் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான். முன்பே சொல்லப்பட்டதுதானே, நான் என்ன செய்வேன் என்று அவன் சொல்லவில்லை. இதை ரகுவிடம் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

எங்கள் பக்கமும் இதே இழுபறிதான். கீதையின் பதினொன்றாம் அத்தியாயத்தில் கண்ணன், இவர்கள் எல்லாம் என்னால் முன்பே கொல்லப்பட்டவர்கள், நீ கருவியாக மட்டும் இரு என்கிறான். பதினெட்டாம் அத்தியாயத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முழுக்க யோசித்துப் பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். இதில் எது கடைசி வார்த்தை? எனக்குப் பதினெட்டுதான். வள்ளுவரும் ஊழைவிட வலியது எது என்று ஒரு அதிகாரத்தை முடித்துவிட்டு, ஊழையும் புறங்காட்டி ஓடச்செய்வார்கள் சோர்வில்லாத முயற்சியாளர்கள் என்று ஆள்வினையுடைமையை முடிக்கிறார். இதை முரண்பாடு என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இரண்டையும் விட மனமில்லாத மனிதர் அவர்.

இதுவரை அறிவைப் பற்றித்தான் எழுதினேன். அனுமதிக்கு வரும்போது எனக்குக் கை நடுங்குகிறது. கும்பகோணம் பள்ளித் தீயை நீ மறந்திருக்க மாட்டாய். 2004 ஜூலை 16. கீற்றுக் கூரை, பக்கத்தில் சமையலறை, குறுகலான படிக்கட்டு, 94 குழந்தைகள். அன்று நாம் இருவரும் வகுப்பில் இருந்தோம், செய்தி கேட்ட பிறகு பாடம் எடுக்க முடியவில்லை என்று நீ அழுது எழுதினாய். அப்போதும் விதி என்று சொன்னவர்கள் உண்டு. விதி என்று சொல்லிவிட்டால், கூரை போட்டவனும் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவனும் தப்பித்துவிடுவார்கள். அதனால்தான் அந்த வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் அப்படிப்பட்ட பள்ளிக்கு அனுமதி கொடுப்பவர்களை நாம் குற்றவாளி என்கிறோமே. முழுக்கத் தெரிந்து, ஒரு 'இருக்கலாம்' கூட மிச்சமில்லாமல் தெரிந்து அனுமதித்தவனை என்ன சொல்வது? பணம் போகும் என்று தெரிந்து நான் கையெழுத்துப் போட்டேன், அதற்கு எனக்கு நியாயம் இருக்கிறது. பாதி அவனுடையது, அவன் வளர்ந்த மனிதன். நான் மறுத்திருந்தால் சாகும்வரை அவனுக்குக் கார்டியனாக இருந்திருக்க வேண்டும், அவன் செய்தது என்று ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ஒரு குழந்தை மேல் தீ விழும் என்று தெரிந்திருந்தால் நான் போடமாட்டேன். யார் சுதந்திரத்தைக் காப்பாற்றவும் போடமாட்டேன்.

உபன்யாசம் செய்கிறவரிடம் இதைக் கேட்டேன். ஜன்மாந்தர வினை, முற்பிறவியில் செய்ததன் பலன் என்றார். அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் போய் அதைச் சொல்ல அவருக்கு மனம் வருமா? எனக்கு வராது.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். உனக்கே காட்டியிருக்கிறேன், எங்கள் உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள். மூலவர் கையில் சங்கு மட்டும்தான், சக்கரம் கிடையாது. ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தேர்த்தட்டில் முன்னால் உட்கார்ந்தவன். அம்பு எங்கே விழும் என்று தெரிந்தவன், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உன் சாமியும் காயத்தோடுதான் நிற்கிறார். எங்கிருந்தோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன் இல்லை இவன் என்பது மட்டும் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் ஆறுதல் பதிலாகாது, ஸ்டெல்லா. அதையும் இதையும் குழப்ப நான் தயாராக இல்லை.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். முப்பத்தைந்து வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் நீ. கடவுள் அறிந்திருந்தார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், அறிந்ததால் நாம் கட்டுப்பட்டவர்கள் ஆகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அனுமதித்தார் என்பதற்கு நீ என்ன சொல்கிறாய்? பாதிரியார் சொன்னதை எழுதாதே, நீ நினைப்பதை எழுது.

ரகுவிடம் நான் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரிந்தது உண்மை, கையெழுத்துப் போட்டதும் உண்மை, முடிவு எடுத்தவன் நீ. அதை நீ ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று இருவரும் யோசிக்கலாம்." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறான். புகார் விஷயமாக வழக்கறிஞர் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

சரோஜா பங்குனியில் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடலாம் என்கிறாள். வந்தால் உன் வீட்டில்தான். அதற்குள் பதில் எழுது. கார்டில் நாலு வரி எழுதி ஏமாற்றாதே.

அன்புடன்,
வேதவல்லி