ஆத்துமாவுக்கும் பசிக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற மாத இதழின் வேதபாடப் பகுதியில், எபிரெய மூலத்தில் 'நெபெஷ்' என்றால் சரீரத்துக்குள் குடியிருக்கும் அழியாத ஆத்துமா, அது மனிதனுக்கு மட்டுமே அருளப்பட்டது என்று ஒரு வரி வந்திருந்தது. எபிரெயம் படித்த தாங்கள் இதை எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. ஆதியாகமம் 2:7-ல் 'மனுஷன் ஜீவாத்துமாவானான்' என்ற இடத்தில் இருப்பது 'நெபெஷ் ஹய்யா', அதாவது உயிருள்ள நெபெஷ். முதல் அதிகாரத்தில் கடலில் நீந்துகிறவற்றுக்கும் நாட்டு மிருகங்களுக்கும் அதே இரண்டு சொற்கள்தான். பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில் அங்கே 'ஜீவஜந்து' என்று இருப்பதால் சபையார் கண்ணில் அது படுவதில்லை. வேதபாடம் எழுதுகிறவர் கண்ணிலுமா படவில்லை? எண்ணாகமம் 6:6-ல், கர்த்தருக்கென்று விரதம் பூண்ட நசரேயன் கிட்டப் போகக்கூடாத பிரேதமும் நெபெஷ்தான். 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்' என்கிறது எசேக்கியேல் 18:4. அழியாதது எப்படிச் சாகும்? சங்கீதம் 69-ல் வெள்ளம் 'ஆத்துமாமட்டும்' பெருகி வருகிறது. அது கழுத்துமட்டும் ஏறிய தண்ணீர். தொண்டை, மூச்சு, பசி, உயிர், முழு ஆள் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

இது வெறும் சொற்சண்டை இல்லை ஐயா. எங்கள் ஊரில் மழை வெள்ளத்தில் பிழைப்பை இழந்த குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கலாம் என்று சபைக் கமிட்டியில் கேட்டேன். "காணிக்கை ஆத்தும ஆதாயத்துக்குத்தான், வயிற்றுக்கு இல்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். ஆட்களை விசுவாசத்துக்குள் கொண்டுவருவதைத்தான் ஆத்தும ஆதாயம் என்கிறார்கள். அந்த வருஷக் கன்வென்ஷன் கூட்டத்தின் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. 'பசியுள்ள ஆத்துமாவை நன்மையினால் நிரப்புகிறார்' என்று சங்கீதம் 107:9-ல் வாசிக்கிறோமே, அந்த ஆத்துமாவுக்கு வயிறு இல்லையா? ஏசாயா 58:10-ஐ எடுத்துப் பாருங்கள். 'பசியுள்ளவனிடத்தில் உன் ஆத்துமாவைச் சாய்த்து, சிறுமைப்பட்ட ஆத்துமாவைத் திருப்தியாக்கினால்' என்கிறது. சாய்க்கச் சொல்வதும் நெபெஷ், திருப்தியாக்கச் சொல்வதும் நெபெஷ்.

என் அம்மாவின் அடக்க ஆராதனையில், "இது வெறும் கூடு, இதற்காக ஏன் அழுகிறீர்கள்" என்று பிரசங்கம் செய்தார்கள். எங்களுக்குச் சோறு போட்டு வளர்த்த கைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. உயிர்த்தெழுதலை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். சரீரம் வெறும் கூடு என்றால் அது உயிர்த்தெழுவானேன்?

சரீரத்தைக் கொல்லுகிறவர்களால் ஆத்துமாவைக் கொல்ல முடியாது என்கிற மத்தேயு 10:28-ஐக் காட்டி யாராவது பதில் எழுதக்கூடும். சரி, அது கிரேக்கம். அதைத் தனியாகப் பேசலாம். எபிரெயத்தின் பேரைச் சொல்லி எழுதினால் எபிரெயத்தில் உள்ளதை எழுத வேண்டும். அப்புறம், தசமபாகக் கட்டுரைக்கு நான் எழுதிய பதிலையும் தாங்கள் போடவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கும் என்று அப்போது பொறுத்துக்கொண்டேன். இதை அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரிய மறுப்பு எதுவும் கேட்கவில்லை. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். இனி 'எபிரெய மூலத்தில்' என்று எழுதுகிறவர்களிடம் வசன எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
நெடுநாள் சந்தாதாரர்