'அம்மா'வுக்கு எத்தனை எழுத்து?

ஆசிரியருக்கு,

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் இணையதளம் எழுதும் தம்பி, தங்கைகள் கவனத்துக்கு: சேலைப் பெயரைச் சுருக்க 'சப்ஸ்டர்' என்ற வெட்டும் கட்டளை வேண்டாம். அது எழுத்தை எண்ணாது, கணினியின் சேமிப்பு அலகான பைட்டை எண்ணும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'அம்மா' 15 பைட். நீளம் எண்ணும் 'எம்பி_ஸ்டர்லென்' புள்ளியையும் காலையும் தனியாக எண்ணி 5 என்று சொல்லும். 'கிராஃபீம்_ஸ்டர்லென்'தான் நம் வாத்தியார் கணக்குப்படி 3 என்னும்.

பைட்டுக் கணக்கில் நடுவே வெட்டினால் எழுத்து கேள்விக்குறியாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். அப்படி வெட்டுப்பட்ட பெயரை, தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் 'ஜேசன்_என்கோட்' வாங்கினால் சத்தமில்லாமல் 'ஃபால்ஸ்' (தோல்வி) என்று திருப்பும். பொருள் பட்டியலே காலி! அதோடு 'ஜேசன்_த்ரோ_ஆன்_எரர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பிழை உடனே வெளியே வரும்.

வெட்டுவதற்கு 'கிராஃபீம்_சப்ஸ்டர்' போதும். அதற்கு சர்வரில் 'ஐஎன்டிஎல்' என்ற பன்மொழி எக்ஸ்டென்ஷன் வேண்டும். அது இருக்கிறதா என்று 'பிஎச்பி -எம்' கட்டளையில் பாருங்கள். டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு 'யுடிஎஃப்8எம்பி4' ஆக இருக்கட்டும். பிஎச்பி 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2022 நவம்பரோடு நின்றுபோனது. இன்னும் அதில் இருந்தால் முதலில் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை