ஞாயிறு லால்பாக் நடை: பாட்டியின் நினைவாக

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஞாயிறு நடையைத் தொடங்கி வைத்தவரும், பறவைப் பாதுகாப்பையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவருமான எங்கள் பாட்டி சென்ற வாரம் காலமானார்.

கர்நாடகத்தில் மத்தூருக்கு அருகிலுள்ள கொக்கரேபெள்ளூர் என்ற சிற்றூரில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் கூடு கட்டும் மாதங்களில், மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டித் தேற்றுவதற்காக அவர் பெங்களூரிலிருந்து பல ஆண்டுகள் போய்வந்தார். அப்பறவைகளைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்களாகவே கருதி, கூடுள்ள மரங்களில் புளி உலுக்காமல் விட்டுவிடும் அவ்வூர் மக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் குரல் தழுதழுக்கும். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

78 வயதிலும், சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையான லால்பாக் பாறையில் நமக்கு முன்னால் ஏறி நின்று, "இன்னுமா வருகிறீர்கள்?" என்று உரக்கக் கேட்டவர் அவர்.

வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு மேற்கு வாயிலில் கூடி, அவர் வழக்கமாக நடக்கும் ஏரிக்கரைப் பாதையிலேயே நடப்போம். மாலைகள் வேண்டாம், பறவைக் குறிப்பேட்டை மட்டும் மறவாமல் கொண்டு வாருங்கள்.