வியட்நாம் மலைச்சாலையும் நம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியட்நாமின் வட எல்லையில், சீனாவை ஒட்டிய ஹா ஜியாங் மலைப்பகுதியைச் சிறிய மோட்டார் சைக்கிளில் சுற்றிவரும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே பெருகி வருகிறது. 2023இல் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானமும் தொடங்கப்பட்டது. இப்படிப் புறப்படுவோரில் பலர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லாது என்பதை அறியாமலேயே விமானம் ஏறுகிறார்கள்.

காரணம் எளியது. நம் நாடு வழங்கும் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி அமைந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதியின் வடிவத்தைச் சீர்செய்தபோதும் அதே உடன்படிக்கையைத்தான் பின்பற்றியது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனுமதியை மட்டுமே. வண்டியை வாடகைக்கு விடுபவர்கள் இதைப் பெரிதாகக் கேட்பதில்லை. கடவுச்சீட்டையோ முன்பணத்தையோ வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். காவல் சோதனையில் சிக்கினால் அபராதம் கட்டி மீளலாம். ஆனால் விபத்து நேர்ந்து கால் முறிந்தால், செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டியவருக்குப் பயணக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுப்பதற்கு இடமுண்டு. உள்ளூர் மருத்துவமனையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹனோய்க்குக் கொண்டுசெல்லும் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

ஹா ஜியாங் மலைச்சாலையோ விபத்துக்கு இடம் தராத ஒன்றன்று. ஹா ஜியாங் நகரிலிருந்து டோங் வான் வழியாக மியோ வாக் வரை செல்லும் அவ்வழியை 'மகிழ்ச்சிச் சாலை' என்று அழைக்கிறார்கள். 1959 முதல் 1965 வரை, பல மலையினத்து இளைஞர்கள் சுத்தியலும் உளியும் கடப்பாரையும் கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உருவாக்கியது அது. மா பி லெங் கணவாயில் செங்குத்தான பாறைமுகத்தை வெட்டுவதற்காக அவர்கள் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடியே மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். உயிரிழந்தவர்களும் உண்டு. கீழே, நினைத்துப் பார்க்க முடியாத ஆழத்தில், பச்சை நிறத்தில் ஞோ குவே ஆறு ஓடுகிறது. மேலே, மண்ணே இல்லாதது போலத் தோன்றும் பாறையிடுக்குகளில் ஹ்மோங் மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டிருக்கிறார்கள். 2010இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் டோங் வான் பீடபூமி இடம்பெற்றது முற்றிலும் பொருத்தமே. வாழ்நாளில் ஒரு முறையேனும் காண வேண்டிய இடம் என்று, கண்டு வந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். ஆனால் கொண்டையூசி வளைவில் எதிரே லாரி திடீரென்று தோன்றும்போது கை தன்னையறியாமல் பழைய பக்கத்துக்கே திருப்பும். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கிளட்ச் பிடி இல்லாத, காலால் மட்டும் கியர் மாற்றும் 110 சிசி வண்டிகள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்கத் தெரியாமல், பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்குபவருக்கு அது சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். தங்கும் வீடுகளில் அன்போடு ஊற்றித் தரும் மக்காச்சோளச் சாராயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும்: இரத்தத்தில் சிறிதளவு மது இருந்தாலும் வண்டி ஓட்டுவது அந்நாட்டில் குற்றம்.

ஆகவே நம்மவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, உள்ளூர் ஓட்டுநர் ஓட்ட, பின்னால் அமர்ந்து செல்வதையே. இதைத் தொழிலாகவே செய்யும் மலையினத்து இளைஞர்கள் அங்கே ஏராளம். வளைவுகள் ஒவ்வொன்றும் அவர்களுக்கு மனப்பாடம். நம் பணமும் நேராக அந்த ஊர்க் குடும்பங்களுக்கே போய்ச் சேரும். சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டாயம் இல்லாததால் மலையையும் ஆற்றையும் நிறைவாகக் காணலாம். தாமே ஓட்ட விரும்புவோரின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய நிலையில் அதை ஊக்குவிக்க மனம் ஒப்பவில்லை.

இதற்குத் தீர்வு அரசின் கையில் இருக்கிறது. 1968 உடன்படிக்கையில் இந்தியாவும் 1980 முதல் ஓர் உறுப்பு நாடு. பிரிட்டனில் விண்ணப்பதாரர் செல்லும் நாட்டைச் சொன்னால், அதற்குரிய உடன்படிக்கையின்படியான அனுமதியையே தருகிறார்கள். அதுபோல இரு வகை அனுமதிகளையும் வழங்க மத்திய அமைச்சகம் முன்வர வேண்டும். அதுவரை, எந்தெந்த நாடுகளில் இந்த அனுமதி செல்லாது என்ற பட்டியலை, விண்ணப்பம் பெறும்போதே ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் எழுத்து மூலம் தர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி