கேள்விக்குறியைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் ‘நாம் வாழ்வது கருந்துளைக்குள்தான்: விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். (கருந்துளை என்பது ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்த இடம்.) முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன், சும்மா இருக்க முடியவில்லை. தலைப்பில் ஒரு கேள்விக்குறி விட்டுப்போயிருக்கிறது.

கன்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தின் லியோர் ஷமீர் 2025இல் வெளியிட்ட ஆய்வுதான் கட்டுரைக்கு ஆதாரம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களில் அவர் 263 கேலக்ஸிகளை, அதாவது விண்மீன் கூட்டங்களை, பார்த்தார். 105 நம் பால்வீதி சுழலும் திசையிலும் 158 எதிர்த்திசையிலும் சுழன்றன. காசைச் சுண்டினால் இப்படி விழுவது அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். சுழலும் கருந்துளைக்குள் பிறந்த பிரபஞ்சம் என்றால் தாயின் சுழற்சி பிள்ளைக்கும் வந்திருக்கலாம். சரி. ஆனால் அதே ஷமீர் இன்னொரு காரணமும் சொல்லியிருக்கிறார். பால்வீதியோடு நாமும் சுற்றுவதால், எதிர்த்திசையில் சுழலும் கேலக்ஸி சற்றே பிரகாசமாகத் தெரியும், அதனால் எண்ணிக்கையில் கூடுதலாகச் சிக்கும். அந்தப் பாதியைக் கட்டுரை விழுங்கிவிட்டது. பார்த்த வானப்பகுதி முழுநிலவின் வட்டத்துக்குள் அடங்கிவிடும் என்பதையும் சொல்லவில்லை.

இதைவிட, நல்ல விஷயம் ஒன்று விட்டுப்போனதுதான் எனக்கு வருத்தம். பூமியைக் கருந்துளையாக்க வேண்டுமானால் 9 மில்லிமீட்டர் ஆரத்துக்கு நசுக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு. சூரியனுக்கு 3 கிலோமீட்டர். நிறை இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும், கனஅளவோ எட்டு மடங்காகும். ஆக, கருந்துளை பெருக்கப் பெருக்க அடர்த்தி குறையும். 2019இல் படம் வெளியானதே எம்87 கருந்துளை, அதன் நிறை சூரியனைப் போல 650 கோடி மடங்கு. அந்த நிறையை அதன் எல்லைக்குள் சமமாகப் பரப்பிப் பார்த்தால் நாம் சுவாசிக்கும் காற்றைவிட லேசு!

இப்படியே மேலே போனால்? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள், விரிவை வேகப்படுத்தும் கருஆற்றல் எல்லாம் சேர்த்துப் பிரபஞ்சத்தில் கன மீட்டருக்கு ஐந்தாறு ஹைட்ரஜன் அணுவின் நிறைதான். அந்த அடர்த்தியில் எவ்வளவு பெரிய உருண்டை கருந்துளையாகும் என்று உங்கள் பத்திரிகையின் ஓரத்திலேயே பால்பாயிண்ட் பேனாவால் போட்டுப் பார்த்தேன். சைபர்கள் பத்தியைத் தாண்டித் தங்கம் விலைக்குள் போய்விட்டன. விடை சுமார் 1400 கோடி ஒளியாண்டு ஆரம். பிரபஞ்சம் விரியும் வேகத்தை வைத்துச் சொல்லப்படும் ஹபிள் ஆரமும் ஏறக்குறைய அதுவே. இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் இயற்பியலாளர் ராஜ் பாத்ரியா, பிரபஞ்சமே ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்று 1972இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு அவருடைய ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் பாடப்புத்தகம் நினைவிருக்கும், சிலருக்குக் கெட்ட கனவாகவும்.

புல்லரிக்கிறது, இல்லையா? எனக்கும்தான். அப்புறம்தான் உறைத்தது. வெளி வளைவில்லாமல் தட்டையாக இருந்தால், பிரபஞ்சம் விரிவதைக் கணக்கிடும் ஃப்ரீட்மன் சமன்பாட்டின்படி அந்த இரண்டு ஆரமும் எப்போதுமே ஒன்றாகத்தான் வரும். சட்டைப்பையில் வைத்ததையே எடுத்துக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பெரிய முட்டுக்கட்டை காலம். கருந்துளைக்குள் விழுந்தவருக்கு எல்லாம் நசுங்கும் அந்தப் புள்ளி எதிர்காலத்தில் இருக்கிறது. நமக்கோ பெருவெடிப்பு கடந்த காலம். உள்ளே போகிறவனுக்கு நாளை, நமக்கு நேற்று. நியூ ஹேவன் பல்கலைக்கழகத்தின் நிகோடெம் பாப்லாவ்ஸ்கி இதற்கு ஒரு வழி சொல்கிறார்: அடர்த்தி எக்கச்சக்கமாகும்போது துகள்களின் தற்சுழற்சியால் ஒரு விலக்குவிசை எழும், நொறுங்கும் பொருள் பந்துபோல் எம்பும், அதுதான் புதிய பிரபஞ்சத்தின் பெருவெடிப்பு. கணக்கு இருக்கிறது, கண்ணால் பார்த்த சான்று இல்லை.

மூன்று வரித் திருத்தம் போட்டால் போதும். என் பழைய மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சார், உறுதி ஆயிடுச்சாமே?” என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. உங்கள் திருத்தத்தைப் படமெடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விருதுநகர்.