செயலாளர் ஆண்டறிக்கை: கணினி ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி, புரட்டாசிப் பூஜை, ஞாயிறு தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வேலையைப் பற்றியே சொல்லப் போகிறேன்.

போன பொதுக்கூட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் நம் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த ஒரு தாயார் எழுந்து பேசியது பலருக்கு நினைவிருக்கும். அவர் மகள் பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் எடுக்க ஆசைப்பட்டாள். அதில்தான் புரோகிராமிங் உண்டு. "உனக்கு அது கஷ்டம்மா" என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் சொல்லி, வேர்ட், எக்செல் சொல்லித்தரும் கணினிப் பயன்பாட்டுப் பாடத்தில் சேர்த்துவிட்டார். கணக்கில் வகுப்பிலேயே முதல் மாணவி அவள். கல்லூரிக்குப் போனதும், ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகிய பையன்களுக்கு நடுவே முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த ஆசிரியருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது என்று அந்தத் தாயாரே சொன்னார். எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். நல்லவர்களும் தங்களை அறியாமல் செய்கிற பாரபட்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைப் பயிலத்தான் ஐந்து சனிக்கிழமைகள் நம் மண்டபத்தில் கல்லூரிக் கணினி ஆசிரியர்கள் கூடினார்கள். முதல் நாள் யேல் பல்கலைக்கழகத்தின் 2012ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக்கொண்டோம். ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்கு ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508 என்றார்கள். பெண் பேராசிரியர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள் என்று சொன்னபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் லேபின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் யாருக்கு எப்படி உதவுகிறார் என்று கவனித்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட வேண்டும். அப்படி வந்த ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. பையனின் நிரல் ஓடவில்லை என்றால் ஆசிரியர், "21ஆவது வரியைப் பார்" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். பெண்ணின் நிரல் ஓடவில்லை என்றால் குனிந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தானே திருத்திக் கொடுக்கிறார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். அந்தத் தாளில் இது ஏழு முறை. எழுதிக்கொடுத்தவர் தோழி, செய்தவர் இருபது வருட அனுபவசாலி. "உதவி பண்றேன்னுதானே நினைச்சேன்" என்று கண் கலங்கினார்.

நான்காம் சனிக்கிழமையைப் பற்றி எழுதத் தயங்கினேன், ஆனால் மறைக்கக் கூடாது. ஜூலு பேசும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "ஜூலுப் பெயருள்ள மாணவன் பிழையில்லாத நிரல் கொடுத்தால், 'யார் செய்து தந்தது?' என்று கேட்கிறீர்கள். நாயுடு, கவுண்டர் என்ற பெயருள்ளவனிடம் ஏன் கேட்பதில்லை?" அப்படிக் கேட்டவர்கள் நம்மவர்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தவர்களை 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கியதை இன்றும் வலியோடு பேசுகிற நாம் இதைச் செய்யலாமா?

நம்மை அறியாமல் மனதில் இருக்கும் சார்பை அளக்க 1998இல் வந்த மறைமுகச் சார்புச் சோதனையை எல்லாரும் கணினியில் செய்து பார்த்தார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 492 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு அலசல், அந்த மதிப்பெண் மாறினாலும் நடத்தை அதனால் மாறுவதாகக் காட்டவில்லை. ஆகவே பழக்கத்தைப் பிடித்தோம்: விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண், கேள்வி கேட்டதும் மூன்று நொடி பொறுமை, மாணவரின் கீபோர்டில் கை வைக்காமை. மூன்றாவதுதான் மிகக் கஷ்டம் என்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்லும் பள்ளி ஆசிரியர்களையும் அழைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. லேபில் பின்வரிசையில் உட்கார்ந்து கோடு போட, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.